ஓக் தூணில் வெடிப்பும் கருங்கறையும்

இங்கிலாந்தில் பச்சை ஓக்கில், அதாவது உலர்த்தாத ஓக் மரத்தில், கொட்டகை கட்டி ஒரு வருடம், தூணில் நீள வெடிப்பு, போல்ட்டைச் சுற்றிக் கருங்கறை என்று கேட்டிருந்தீர்கள்.

வெடிப்பை விடுங்கள். ஓக் உலர 25 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும், 150 மி.மீ. தூண் இன்னும் பல வருடம் சுருங்கும். இழையோடு ஓடும் பிளவால் பொதுவாக பலம் குறையாது. பிளவில் புட்டிப் பசை அடைக்காதீர்கள், தண்ணீர்தான் தேங்கும். முளை அடித்த பொருத்துக்குள் பிளவு போயிருந்தால் மட்டும் தச்சரிடம் காட்டுங்கள்.

கறைதான் உண்மையான தப்பு. ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் போல்ட்டின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அந்தக்காலப் பேனா மைதான். துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு போல்ட்டும் நாளாவட்டத்தில் அரிக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டாக மாற்றுங்கள். அப்புறம் லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அது உதிர்க்கும் இரும்புத்தூள் புதுக்கறை போடும்.