விலகியவருக்குப் போடும் ஓட்டு வீணா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு இது முதல் தேர்தல். ஜனநாயகக் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸுக்குத்தான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன், ஏப்ரலில் அவர் பிரசாரத்தை நிறுத்திவிட்டார். 2020 ஜூலை 7 பிரைமரிக்கான (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) வாக்குச்சீட்டு தபாலில் வந்திருக்கிறது, அவர் பெயரும் அதில் இருக்கிறது. "அது வீண் ஓட்டு, பைடனுக்குப் போடு" என்கிறார் கணவர். எனக்குப் போடவே மனமில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கோபம் புரிகிறது, ஆனால் நீங்கள் கோபித்துக்கொண்டது யாருக்கும் தெரியப்போவதில்லை.

கணவர் சொல்வதில் பாதி சரி. வேட்பாளராவதற்குத் தேவையான 1,991 பிரதிநிதிகளை (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுபவர்கள்) பைடன் ஜூன் தொடக்கத்திலேயே தாண்டிவிட்டார், அதை நியூஜெர்சி இனி மாற்றாது. ஆனால் சாண்டர்ஸ் ஏப்ரல் 8-ம் தேதி பிரசாரத்தைத்தான் நிறுத்தினார், பெயரைத் திரும்பப் பெறவில்லை. மீதி மாநிலங்களிலும் சீட்டில் இருப்பேன், பிரதிநிதிகளைச் சேர்ப்பேன், மாநாட்டில் கட்சியின் கொள்கை அறிக்கையில் அழுத்தம் கொடுப்பேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஜனநாயகக் கட்சியின் விதிப்படி பிரைமரி ஓட்டில் 15 சதவீதம் தாண்டினால்தான் பிரதிநிதிகள் கிடைப்பார்கள், அதற்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. அதனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு விழும் ஓட்டுக்குத்தான் கனம் அதிகம், ஏற்கெனவே ஜெயித்துவிட்டவருக்கு இன்னொன்று விழுந்து என்ன ஆகப்போகிறது?

இதெல்லாம் வெறும் ஆறுதல் இல்லை. 2016-ல் தோற்ற சாண்டர்ஸின் ஆட்கள் விடாமல் நெருக்கியதால்தான் 2018-ல் சூப்பர் டெலிகேட்டுகளின் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் ஓட்டுப் போடும் கட்சிப் பெருந்தலைகள்) முதல் சுற்று அதிகாரத்தைக் கட்சி குறைத்தது. இந்த 2020 மே மாதம் பைடன், சாண்டர்ஸ் இரு தரப்பும் சேர்ந்து அமைத்த கொள்கைக் குழுக்களைப் பாருங்கள், மருத்துவக் குழுவுக்கு சாண்டர்ஸ் தரப்புத் தலைவர் பிரமிளா ஜெயபால், நம் சென்னையில் பிறந்தவர். நியூயார்க்கில் தேர்தல் வாரியம் பிரைமரியையே ரத்து செய்தது, எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் திரும்ப வாங்கினார்கள். ஒன்றுமில்லாத ஓட்டுக்காகவா இத்தனை மல்லுக்கட்டு?

ஆகவே அவருடைய கொள்கைகள்தான் உங்களை இழுத்தன என்றால், ஜூலையில் அவருக்கே போடுங்கள். அந்த மனிதரைப் பிடித்தது, கொள்கையில் அவ்வளவு பிடிவாதம் இல்லை என்றால் பைடனுக்குப் போடுவதிலும் தப்பில்லை, ஏப்ரல் 13-ம் தேதியே சாண்டர்ஸும் அவரை ஆதரித்துவிட்டார். நவம்பர் வேறு கணக்கு. அங்கே 15 சதவீதம் எல்லாம் கிடையாது, மாநிலத்தில் முதலில் வருபவருக்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் நியூஜெர்சிக்குள்ள 14 வாக்குகளும் போகும், அப்போது சீட்டில் இருப்பவர்களுக்குள் யார் என்று புதிதாக யோசியுங்கள். ஜூலை ஓட்டு அதற்கு உங்களைக் கட்டிப்போடாது.

அப்புறம், சீட்டு அதோடு முடிவதில்லை. செனட், காங்கிரஸ், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பதவிகள் எல்லாம் அதில்தான். நம் ஆட்கள் பலர் ஜனாதிபதி பெயரைக் குறித்துவிட்டு மடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல். உங்கள் மாநிலத்தில் இந்த 2020 சீட்டில் கவுண்டி கட்சிக்காரர்கள் ஆதரிப்பவர்களை ஒரே வரிசையில் அடுக்கியிருப்பார்கள், மற்றவர்கள் எங்கோ ஓரத்தில் இருப்பார்கள். சாண்டர்ஸ் பெயரும் தள்ளித்தான் இருக்கலாம், பொறுமையாகத் தேடுங்கள். உறையோடு ஒட்டியிருக்கும் சான்றிதழைக் கிழிக்காமல் கையெழுத்துப் போட்டு, ஜூலை 7-க்குள் தபால் முத்திரை விழும்படி அனுப்புங்கள். கணவர் தன் சீட்டில் பைடனுக்கே போட்டுக்கொள்ளட்டும்.