அந்நிய பாஷை வரவில்லை என்றால் அபிஷேகம் இல்லையா?

சகோதரி, உபவாச ஜெபத்தில் எல்லாரும் அந்நிய பாஷை (ஆவியானவர் பேசவைக்கும், கற்றுக்கொள்ளாத மொழி) பேச, உங்களுக்கு மட்டும் வரவில்லை, அதனால் "உனக்கு அபிஷேகம் இல்லை", அதாவது பரிசுத்த ஆவியானவர் உன்மேல் இறங்கவில்லை, என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். அங்கே விற்கிற அபிஷேக எண்ணெயை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது. அப்படிச் சொன்னது தவறு.

1 யோவான் 2:20ஐ எடுத்துப் பாருங்கள். "நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம் பெற்று" என்று யோவான் எழுதுவது சாதாரண விசுவாசிகளுக்கு. 27ஆம் வசனத்தில் அது உங்களில் நிலைத்திருக்கிறது என்கிறார். கூட்டத்துக்குக் கூட்டம் வந்துபோகிற உணர்ச்சி அல்ல அது. "எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுலே 1 கொரிந்தியர் 12:30இல் கேட்கிறார். இல்லை என்பதுதான் அங்கே பதில்.

அப்புறம் தாவீது (1 சாமுவேல் 16). தீர்க்கதரிசி சாமுவேல் அவன் தலையில் தைலம் ஊற்றினான், கர்த்தருடைய ஆவியானவர் அவன்மேல் வந்து இறங்கினார். ஆனால் அதே அதிகாரத்தில் ராஜாவான சவுல் ஆள் அனுப்பும்போது தாவீது எங்கே இருக்கிறான்? ஆட்டு மந்தையில், பழைய வேலையிலேயே. இது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும் இடம்.

அபிஷேகம் எதற்கு என்பதை இயேசு நாசரேத்தில் ஏசாயாவை வாசித்தே சொன்னார் (லூக்கா 4:18): தரித்திரருக்கு நற்செய்தி, நொறுங்குண்டவர்களுக்கு விடுதலை. நான்கு வருடமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறீர்களே, அந்தப் பெலன் யார் தந்தது?

சரி, நீங்கள் கேட்ட அந்த 'அபிஷேக எண்ணெய்'? வாங்காதீர்கள். யாக்கோபு 5:14இல் மூப்பர்கள் வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். அங்கே விலை எதுவும் இல்லை.