ஸ்னெட்டிஷாமுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் ஏன் முதலில் ஓத அட்டவணையைப் பார்க்கிறார்கள்?

கடல்நீர் தினம் இருமுறை ஏறி இறங்குவதே ஓதம். ஸ்னெட்டிஷாம் இருக்கும் இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில், வாஷ் விரிகுடாச் சேற்றில் சிறு சிப்பிகளைத் தின்று வாழும் ‘நாட்’ பறவைகள் பல்லாயிரம். பௌர்ணமி, அமாவாசை கழிந்து ஓரிரு நாளில் வரும் பெரிய ஓதம் அந்தச் சேற்றை முழுவதும் மூடிவிடும். நிற்க இடமின்றி மொத்தக் கூட்டமும் எழும்பி, கூழாங்கல் கரைக்குப் பின்னாலுள்ள குளங்களில் நெருக்கியடித்து இறங்கும். தெருவில் வெள்ளம் ஏற ஏற எல்லோரும் ஒரே திண்ணையில் ஏறி நிற்பதுபோல. அவ்வளவு அழகு!

கோடை இறுதியிலிருந்து குளிர்காலம்வரை பார்க்கலாம். ஓதத்தின் உச்ச நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடை நீளம். தாமதித்தால் வெறும் தண்ணீர்தான்.

எந்த ஓதத்திலும் இது நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன ஓதத்தில் சேறு மிச்சமிருக்கும், பறவைகள் தொலைவிலேயே தங்கிவிடும்.