பைபாஸும் ஃப்ரிட்ஜுல இருக்குற இன்சுலினும்

"டாக்டர், அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ். ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போட்டதும் பிபி எறங்கும்னு படிச்சதுலேந்து தூக்கம் இல்ல. அத முன்னாடியே சொல்ற சாஃப்ட்வேர் வந்துருக்காமே, அது இருக்குற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?"

அன்புள்ள தம்பி,

மொதல்ல தூங்கு. ஆஸ்பத்திரிய மாத்தாத. ஆர்ட்டீரியல் லைன், அதாவது பிபி பாக்க ரத்தக்குழாய்ல சொருகுற குழாய், அதுல ஓடுற அலைய வச்சு சில நிமிஷம் முன்னாடி எச்சரிக்கிற மானிட்டர் இருக்கு, இல்லேங்கல. ஆனா ஹெப்பாரின் எந்த நிமிஷம் உள்ள போவுதுன்னு தியேட்டர்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா, ஒடம்பு எடைல கிலோவுக்கு 300லேந்து 400 யூனிட், ரத்தக்குழாய் தளரும், பிபி கொஞ்சம் எறங்கும், மயக்க டாக்டர் அதுக்கு மருந்த ரெடியா வச்சுக்கிட்டுதான் நிப்பாரு. இதுல கணிக்க என்ன இருக்கு?

நீ கேக்காம விட்டது புரோட்டமின். ஆபரேஷன்ல ஹார்ட்டுக்குப் பதிலா ரத்தத்த ஓட்டுற பம்ப்ப நிறுத்துனப்புறம் ஹெப்பாரின முறிக்கறதுக்குப் போடறது, சால்மன் மீனோட விந்துலேந்து வந்த சரக்கு. வேகமா போட்டா யாருக்கும் பிபி விழும், அதனால பத்து நிமிஷத்துக்கு மேல எடுத்து சொட்டு சொட்டாதான் விடுவோம். மெதுவா போட்டும் விழற ஆளுங்க கொஞ்சம் பேரு உண்டு, அவங்க யாருன்னுதான் முன்னாடியே தெரியணும். 30/70 இன்சுலின், பால் மாதிரி கலங்கலா இருக்குமே, அதுலயும் இதே புரோட்டமின்தான். வருஷக்கணக்கா குத்திக்கிட்டவங்கள்ல சில பேரு ஒடம்பு அத எதிரியா ஞாபகம் வச்சிருக்கும்.

நான் வேலைல இருந்தப்ப ஒரு பெரியவர். சுகருக்கு மாத்திரை மட்டும்தான்னு வீடே சாதிச்சுது. கால்வாசி புரோட்டமின்கூட போயிருக்காது, மேல் பிபி 110லேந்து 60க்கு வந்துருச்சு, நுரையீரல் பக்கம் பிரஷர் ஏறுது, நிறுத்தி அட்ரினலின் குடுத்து, சர்ஜன் மறுபடி ஹார்ட்ல கைய வச்சு, ஒருவழியா மீட்டோம். வெளிய வந்து கேட்டா மருமக மெதுவா சொல்லுது, "இன்சுலின் போடறாரு சார், சொன்னா ஆபரேஷன் பண்ண மாட்டீங்கன்னு…" எனக்கு வந்த கோவம்! டாக்டர்கிட்ட மறைச்சு யாருக்கு என்ன லாபம், சொல்லு? சொல்லியிருந்தா சின்ன டோஸ் போட்டுப் பாத்து, இன்னும் மெதுவா போயிருப்போம், அவ்ளோதான்.

ஹெப்பாரின்லயே கலப்படம் பண்ணி 2008ல அமெரிக்காவுல நிறைய பேருக்கு பிபி விழுந்துச்சே, செயின்ட் லூயிஸ்ல டயாலிசிஸ் குழந்தைங்களுக்கு வந்த ரியாக்ஷனப் பாத்து சந்தேகப்பட்டதும் மனுஷங்கதான், சாஃப்ட்வேர் இல்ல. அத இன்னொரு நாள் எழுதறேன்.

நீ இப்ப ஃப்ரிட்ஜத் திற. இன்சுலின் பாட்டில் இருந்தா லேபிள போட்டோ எடு. மீன் சாப்ட்டு எப்பவாவது தடிப்பு, மூச்சுத்திணறல் வந்துச்சான்னு அம்மாகிட்ட கேளு, அப்பா சொல்ல மாட்டாரு. முன்னாடி ஹார்ட் ஆபரேஷன் ஏதாவது நடந்திருந்தா, அப்பவே புரோட்டமின் போட்டிருக்கலாம், அந்த ஃபைல எடுத்துக்க. மயக்க டாக்டர் செக்கப்புக்கு வர்றப்ப நீயே முந்திக்கிட்டு சொல்லிடு.