எது ஆனாலும் சரிதான் அப்பா

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ரப்பர் பால்வெட்டுதான் தொழில். தோட்டம் வேறொருவருடையது, முந்நூறு மரம் வெட்டுகிறேன். மனைவி அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போகிறாள். ஒரே மகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 561 எடுத்தாள்.

பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கியூட் நுழைவுத் தேர்வு எழுதினாள். இப்போது ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிப்புக்கு இடம் வந்திருக்கிறது. அதற்கு முன்பே வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சுயநிதிப் பிரிவில் சேர்த்து முதல் தவணையும் கட்டிவிட்டேன். கல்லூரி பஸ் வீட்டு முக்குக்கே வரும். பஸ்ஸோடு சேர்த்து வருடம் 42,000 ஆகும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும்.

என் அண்ணனும் மைத்துனரும் "பெட்டைப் பிள்ளையை அவ்வளவு தூரத்துக்கு விட்டுவிட்டு நீ இங்கே கிடந்து உறங்குவாயா" என்று கேட்கிறார்கள். மகளிடம் கேட்டால் "எனக்கு எது ஆனாலும் சரிதான் அப்பா" என்கிறாள். நீங்கள் அங்கே படித்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் வாசித்தேன். ஒரு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது மகள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான். எது ஆனாலும் சரிதான் என்று உண்மையிலேயே நினைக்கிற பிள்ளை கியூட் எழுதாது. டீச்சர் சொன்னார், சரி. ஆனால் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பியது யார்? பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற நேரத்திலேயே இன்னொரு தேர்வுக்கும் படித்தது யார்? எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்று தேடித் தேடிப் பார்த்தது யார்? அவ்வளவும் செய்தவள் கடைசியில் உங்கள் முகத்தைப் பார்த்து "எது ஆனாலும் சரி" என்கிறாள் என்றால், அவள் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் பணத்தைப் பற்றிப் பேசுகிறாள். மழை பிடித்து நாலு வாரம் வெட்டு நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள் அவள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள்.

நான் இரண்டையும் பார்த்தவன். நம் மாவட்டத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு 1991ல் எம்.எஸ்சி. படிக்க ஹைதராபாத் போனேன். பக்கத்துக் கல்லூரியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அங்கே எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். தன் சொந்தப் புத்தகங்களை வீட்டிலிருந்து கொண்டுவந்து தருவார், திருப்பிக் கேட்கவே மாட்டார். அவர் இல்லையென்றால் நான் ஹைதராபாத் என்ற பெயரையே யோசித்திருக்க மாட்டேன். ஆனால் ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒரு ப்யூரெட். கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிக்கச் சொன்னால், போன வருடத்து அண்ணன்மார் சொல்லிவைத்த விடையை வைத்துப் பின்னாலிருந்து எழுதுவோம். பிற்பகலில் மணி அடித்தால் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். நூலகத்தையும் அதே நேரத்தில் பூட்டிவிடுவார்கள்.

கல்லூரி பஸ் வீட்டு முக்குக்கே வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று எனக்குப் புரிகிறது. எனக்குக் கவலை தருவதும் அந்த பஸ்தான். உங்கள் மகளின் நாளை அது தீர்மானிக்கும். ஒரு சோதனை பாதியில் நின்றாலும் பஸ் கிளம்பும். ஆசிரியரிடம் கேட்க ஒரு சந்தேகம் இருந்தாலும் பஸ் கிளம்பும். மூன்று வருடம் அப்படியே போனால், படிப்பு என்பது காலையில் தொடங்கிப் பிற்பகலில் முடிகிற ஒன்று என்று மனது பழகிவிடும். விடுதியில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. நான் கற்றதில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் கற்றதுதான்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் ரப்பர் ஷீட்டுக்காகப் பாலில் ஆசிட் விடும்போது அது ஏன் உறைகிறது என்று மகள் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? பாலில் மிதக்கிற ரப்பர்த் துகள்களுக்கு எதிர்மின்சுமை உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை சேராது. ஃபார்மிக் ஆசிட் அந்தச் சுமையை நீக்கிவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிளஸ் டூவில் கூழ்மங்கள் பாடத்தில் இதை ஒட்டியே படித்திருப்பாள். இங்கே அதைப் படித்து மார்க் வாங்கலாம். ஆனால் அம்மோனியா விட்டால் மட்டும் பால் ஏன் உறையாமல் இருக்கிறது, வெட்டின பாலை அப்படியே விட்டால் தானாக ஏன் கெட்டியாகிறது என்று அவள் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால், அந்தக் கேள்விகளைக் கொண்டுபோக ஓர் இடம் வேண்டாமா? ஹைதராபாத்தில் பி.எச்டி. ஆய்வு செய்கிறவர்களும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். முதல் நாளே அவள் ஆராய்ச்சி செய்யப்போவதில்லை. ஆனால் கேள்வி கேட்டு வாழ்கிறவர்களைத் தினமும் பார்ப்பாள்.

இனி கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அதை மறைத்து "அனுப்புங்கள்" என்று எழுதினால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

முதல் ஆறு மாதம் அவள் அழுவாள். கியூட்டைத் தமிழிலேயே எழுதலாம். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். நானும் தமிழ் வழிதான். இங்கே பி.எஸ்சி. வகுப்பில் பெயருக்குத்தான் ஆங்கிலம், வாத்தியார் தமிழில் விளக்கிவிடுவார். அங்கே அது கிடையாது. எனக்குத் தெரிந்த விஷயத்தையே பேராசிரியர் சொல்லிக்கொண்டிருப்பார், எனக்கோ அவர் வேறு எதையோ பேசுவது போல இருக்கும். முதல் தேர்வில் 40க்கு 9. அன்றைக்கு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து ரயில் எப்போது என்று யோசித்தேன். பக்கத்து அறையில் ஒடிசாக்காரன் ஒருவன் இருந்தான், அவன் வாங்கியது 11. அவனுக்கும் ஆங்கிலம் என்னைப் போலத்தான். இரண்டு பேரும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து மறுநாள் பாடத்தைப் புத்தகத்திலிருந்து மாறி மாறிச் சத்தமாக வாசிப்போம். புரியாத சொல்லை நான் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதுவேன், அவன் ஒடியாவில் எழுதுவான். அடுத்த செமஸ்டரில் எனக்கு 27. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் மகள் 561 எடுத்தவள். அங்கே முதல் தேர்வில் தோற்றால், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்பாள். அந்த நேரத்தில் போனில் "நாங்கள் அப்பவே சொன்னோம்" என்று வீட்டில் ஒருவர்கூடச் சொல்லக் கூடாது. அண்ணனிடமும் மைத்துனரிடமும் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2016 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா தற்கொலை செய்துகொண்டபோது, சாதிப் பாகுபாடுதான் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்து நாடே அதைப் பேசியது. அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே எல்லாரையும் ஒன்றாக நடத்துகிற இடம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஊர் விடுதிக்குப் போனாலும், மனசு விட்டுப் பேச அவளுக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளாவது நிதானமாகப் பேசுங்கள். மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் சாப்பாட்டையும் கூட்டாளிகளையும் கேளுங்கள்.

தூரம் பற்றி. நம் மாவட்டத்தில் தூரம் என்பதே விசித்திரமான கணக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர் பக்கம். நம் தாத்தாக்கள் காலத்தில் பெரிய படிப்பு என்றால் திருவனந்தபுரம்தான், அதை யாரும் வெளியூர் என்றுகூட நினைக்கவில்லை. அந்தத் தேதியிலிருந்து அது வெளிமாநிலம். குலசேகரத்திலிருந்து இன்றைக்கும் திருநெல்வேலியைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். ஹைதராபாத் அப்படி இல்லை, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் திருவனந்தபுரம் போய் ஏறினால் செகந்திராபாத்துக்கு சபரி எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு. ஒரு பகல், ஒரு ராத்திரி, அப்புறம் கொஞ்சம்.

உங்கள் சொந்தக்காரர்களிடம் ஒன்று கேளுங்கள். நம் பகுதியில் குவைத்துக்கோ சவுதிக்கோ டெல்லிக்கோ நர்சாகப் போன பெண் இல்லாத தெரு எது? இருபத்திரண்டு வயதில் தனியாக விமானம் ஏறி, அவர்கள் அனுப்பின பணத்தில்தான் எத்தனையோ வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது. அப்போது யாரும் உறக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சம்பாதிக்கப் போகலாம், படிக்கப் போகக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணக் கணக்குக்கு வருவோம். இங்கே மூன்று வருடத்துக்கு 1,26,000. புதுமைப் பெண் பணம் 36,000 வரும், அது சின்னத் தொகை இல்லை. ஆனால் முடிவில் கையில் பி.எஸ்சி. மட்டும்தான், எம்.எஸ்சி.க்கு மேலும் இரண்டு வருடச் செலவு. ஹைதராபாத்துக்கு அந்த மாதம் 1,000 இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அங்கே கல்விக் கட்டணம் உங்களை முறிக்காது, மெஸ் பில்தான் மாதாமாதம் வரும். விடுதி இடம் உறுதியா, முன்பணம் எவ்வளவு என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிளஸ் டூ மார்க்கை வைத்து மத்திய அரசு தருகிற உதவித்தொகை ஒன்று உண்டு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000, நாலாவது ஐந்தாவது வருடம் 20,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மகளே விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதியை விட்டுவிடக் கூடாது. மிச்சத்துக்குக் கல்விக்கடன். தரவரிசையில் முன்னால் இருக்கிற நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு ஈடும் ஜாமீனும் கேட்காமல் கடன் தரும் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் வந்தது. வங்கியில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

சான்றிதழில் கவனம். மாநிலத்தில் வாங்கின பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்போடு, இந்த நிதியாண்டுத் தேதியில் வேண்டும். மத்தியப் பட்டியலில் உங்கள் சாதிப்பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

கட்டின பணமும் டி.சி.யும். என் அக்கா மகள் இதே போல மாறப் போனபோது, சேர்ந்திருந்த கல்லூரி டி.சி.யைத் தராமல் இரண்டு வாரம் அலையவைத்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லேயே அறிவித்திருக்கிறது. விலகல் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பணம் தாமதமானாலும் டி.சி.யை விடாதீர்கள்.

எல்லாருக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். இங்குள்ள பழைய கல்லூரி ஒன்றில், அரசு உதவி பெறும் பிரிவில், பல வருடமாக அங்கேயே இருக்கிற ஆசிரியர்களிடம் அவளுக்கு இடம் கிடைத்திருந்தால் ரொம்ப யோசித்திருப்பேன். அங்கே பி.எஸ்சி. முடித்து ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், அந்த வழி திறந்தேதான் இருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் பிடித்துத் தந்த பெங்களூர் தனியார் கல்லூரியாக இருந்தால், வேண்டவே வேண்டாம் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இது ஏஜென்ட் இல்லாமல், சிபாரிசு இல்லாமல், தமிழில் தேர்வு எழுதி அவளே வாங்கின இடம்.

இன்று ராத்திரி மகளை உட்காரவைத்து ஒரு தாளில் இந்தக் கணக்கை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கடன் எவ்வளவு, அதை எப்படி அடைப்போம் என்று நீங்கள் வாய் திறந்து சொல்லுங்கள். அப்புறம் மறுபடியும் கேளுங்கள். அப்போதும் "இங்கேயே படிக்கிறேன் அப்பா" என்று காரணத்தோடு சொன்னால் பக்கத்துக் கல்லூரிக்கே அனுப்புங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

போவதாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். ஒரு வார வெட்டு போனால் போகட்டும். மெஸ்ஸில் மகளோடு ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு, அவள் படுக்கப்போகிற அறையை அம்மா கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே இப்போது படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், இரண்டு பேருமே பெண்கள்தான். அவர்கள் எண்களைத் தனியாக அனுப்புகிறேன். முதலில் மகளையே பேசச் சொல்லுங்கள்.