துரு ஏறிய பழைய பெல்லட் அடுப்பை வாங்கிச் சரிசெய்யலாமா?

ஒன்டாரியோவில் உங்கள் வீட்டின் பேஸ்மெண்டைச் சூடாக்க, சில ஆண்டுகளாகக் கராஜில் கிடந்த பெல்லட் அடுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றும், உள்ளே பார்த்தால் எங்கும் துருவாக இருக்கிறது, அதை நம்பி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் பார்த்துவிட்டுத்தான். துரு எவ்வளவு என்பதைவிட, புகையை வெளியேற்றும் விசிறிக்கு எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்பதே உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த அடுப்பில் காற்று போகும் வழியை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெல்லட்டுகளை, மோட்டார் சுழற்றும் திருகுத் தண்டு சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் சேர்க்கிறது. புகை விசிறி வெளிக்காற்றை எரிகிண்ணத்தின் வழியாக உள்ளே இழுத்து, சூடான புகையை, அறைக்காற்று உள்ளே ஓடிச் சூடாகும் வெப்பக் குழாய்களைச் சுற்றிக் கொண்டுவந்து, புகைக்குழாய்க்குள் தள்ளுகிறது. ஆகவே விசிறிக்கு முன்னால் இருக்கும் எரியறை முழுவதும் உறிஞ்சும் நிலையிலும், விசிறிக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் தள்ளும் நிலையிலும் இருக்கின்றன. எரியறையில் சிறு ஓட்டை இருந்தால், அடுப்பு ஓடும்போது அறைக்காற்று தவறான இடத்தில் உள்ளே நுழைந்து தீயைச் சோம்பலாக்கும், கண்ணாடி கறுக்கும், உறிஞ்சும் விசை குறைந்தால், அதைக் கண்காணிக்கும் வேக்குவம் சுவிட்ச் திருகுத் தண்டை நிறுத்திவிடும். விசிறியின் கூட்டிலோ அதற்கு அடுத்த குழாயிலோ அதே அளவு ஓட்டை இருந்தால், புகையும் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் நேராக உங்கள் அறைக்குள் தள்ளப்படும். முதல் வகை ஓட்டையையும் அலட்சியம் செய்ய முடியாது. பனிப்புயலில் மின்சாரம் போய் விசிறி நின்றால், கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெல்லட்டுகள் புகைந்துகொண்டே இருக்கும், அந்தப் புகைக்கு அப்போது எல்லா ஓட்டையும் வாசல்தான்.

இவ்வளவு துரு எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். மரச் சாம்பலில் இருக்கும் பொட்டாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வசந்த காலத்தில் சாம்பலை அள்ளாமல் அடுப்பை விட்டுவிட்டால், கோடை முழுவதும் அந்த ஈரச் சாம்பல் எஃகின் மீது ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. மூடி இல்லாத புகைக்குழாய் வழியே இறங்கும் மழைநீர் விசிறிக் கூட்டின் அடியில் தேங்குகிறது. விற்பவரிடம் மக்காச்சோளம் எரித்ததுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சில அடுப்புகள் அதையும் எரிக்கும்படி செய்யப்பட்டவை. மக்காச்சோளத்தில் மரத்தைவிடக் குளோரினும் பொட்டாசியமும் அதிகம் என்பதால் அதன் புகை குழாயை வேகமாகத் தின்னும்.

பரிசோதனைக்குப் போகும்போது பிளக் கழற்றப்பட்டு அடுப்பு முழுதும் ஆறியிருக்க வேண்டும். முகக்கவசம் அணிந்து, சாம்பலுக்கென்றே உள்ள வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்து, எரியறையின் பின்பக்கப் பலகைகளைக் கழற்றுங்கள்; மோசமான துரு பெரும்பாலும் அவற்றின் பின்னால்தான் ஒளிந்திருக்கும். அடுக்கடுக்காக உரிந்து வரும் செதில்களைக் கண்டவுடன் பயந்துவிட வேண்டாம். தான் தின்ற இரும்பைவிடத் துரு பல மடங்கு பருமன் உடையது, அதனால் பார்வைக்கு எப்போதும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். செதிலைச் சுரண்டிவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், மெலிந்தது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஊசிமுனையுள்ள கருவியை அழுத்துங்கள், அது உள்ளே போனால் அந்தத் தகட்டின் கதை முடிந்தது. பிறகு இருட்டில் எரியறைக்குள் வலுவான எல்இடி விளக்கை வைத்துக் கதவை மூடி, பக்கத் தகடுகளைக் கழற்றிய நிலையில் பின்னாலிருந்து பார்த்தால், கண்ணுக்குப் படாத நுண்துளைகளும் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். வெல்டிங் செய்த மூட்டுகளையும் வெப்பக் குழாய்களின் இரு முனைகளையும் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் மெலிவு முதலில் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.

மூன்று காரணங்களுக்காக நான் அடுப்பை வேண்டாம் என்று திருப்பிவிடுவேன். வெப்பக் குழாய்களில் பலவற்றில் ஓட்டை விழுந்திருப்பது ஒன்று. வார்ப்பிரும்பு உடல் விரிசல் விட்டிருப்பது இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: அடுப்பின் பின்னால் உள்ள சான்றிதழ் தகடு துருவில் அழிந்துபோயிருப்பது. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது அந்தத் தகட்டில்தான் இருக்கிறது, கனடாவில் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் வெட் (WETT, விறகு, பெல்லட் அடுப்புகள் பாதுகாப்பாக நிறுவப்பட்டுள்ளனவா என்று பார்க்கும்) பரிசோதனை அறிக்கைக்கும் அதுதான் முதல் ஆதாரம்.

இவை சரியாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். திருகுத் தண்டு அசையாமல் இருந்தால், ஈரம் குடித்து உப்பிய பெல்லட்டுகள் அதில் சிமெண்ட் போல இறுகியிருக்கும். மோட்டாரை ஓட்டி விடுவிக்கப் பார்த்தால் கியர் பற்கள்தான் உடையும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் உப்பும். மோட்டாரைக் கழற்றிவிட்டு உளியால் பொறுமையாகக் குடைந்தெடுங்கள். பெல்லட்டுகளுக்குத் தீ மூட்டும் மின்கம்பியை மல்டிமீட்டரால் பாருங்கள். 120 வோல்ட்டில் 300 வாட் கம்பி என்றால் ஏறக்குறைய 48 ஓம் காட்ட வேண்டும். எர்த் வயர் உடலோடு சேரும் திருகைத் துருவும் பெயிண்டும் இல்லாமல் பளபளப்பாகத் தேய்த்து முடுக்குவது, சிறிய வேலையாக இருந்தாலும் உயிரைக் காப்பது.

ஓட்டை விழுந்த தகட்டை அடுப்பு சிமெண்ட் பூசி மறைப்பவர்களைப் பார்க்கிறேன், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தகடு சூட்டில் விரிந்து சுருங்கும்போது அந்தப் பூச்சு உதிர்ந்துவிடும். மெலிந்த பகுதியை நல்ல எஃகு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள சாதாரண எஃகுத் தகட்டை, நெளியாதபடி விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக வெல்டிங் செய்வதே சரியான வழி. துத்தநாகம் பூசிய தகட்டை எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள், வெல்டிங்கில் எழும் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். அரிக்கப்பட்ட எரிகிண்ணத்தை ஒட்டவைக்க முயலாமல் புதிதாக வாங்கிவிடுங்கள். துருமாற்றித் திரவங்கள் வெளிப்புறத் தகடுகளுக்கு மட்டும்தான். அதன் மேல் 650 டிகிரி செல்சியஸ் தாங்கும் அடுப்புப் பெயிண்ட் போதும். கதவின் கண்ணாடியிழைக் கயிறு, கண்ணாடியின் பட்டை, விசிறியின் கேஸ்கெட், சாம்பல் தட்டின் அடைப்பு ஆகிய அனைத்தையும் மாற்றுங்கள். கயிற்றை இழுத்து ஒட்டினால் மெலிந்துவிடும், தளர்வாக வைத்து அழுத்த வேண்டும். ஒட்டியது காய்ந்தபின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும்.

விசிறிக்குப் பின்னால் உள்ள பகுதியில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். விசிறிக் கூடு அரித்திருந்தால் முழு விசிறியையும், புகைக்குழாய் துருப்பிடித்திருந்தால் முழுக் குழாயையும் மாற்றுங்கள். பெல்லட் அடுப்புக்கென்று சான்றளிக்கப்பட்ட இரட்டைச் சுவர் எல் வகைக் குழாயைத்தான் வாங்க வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாய் இதற்கு உதவாது. மூட்டுகளில் தயாரிப்பாளர் சொல்லும் உயர்வெப்ப சிலிக்கானைப் பூசுங்கள்.

முதல் முறை பற்றவைக்கும்போது பெயிண்ட் வாடை வரும் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பு சூடேறியதும் கொளுத்திய ஊதுபத்தி ஒன்றைக் கதவின் ஓரங்களிலும் குழாயின் மூட்டுகளிலும் மெல்ல நகர்த்துங்கள். கதவருகே புகை உள்ளே இழுக்கப்பட்டால் கயிறு சரியில்லை. குழாயருகே அது வெளிப்பக்கம் விரட்டப்பட்டால் உடனே அணைத்துவிட்டு மூட்டைத் திரும்பச் செய்யுங்கள். படுக்கையறைகளின் அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது ஒன்டாரியோவில் சட்டப்படி கட்டாயம். பேஸ்மெண்டுக்கும் ஒன்று, மின்சாரம் போனாலும் ஒலிக்கும்படி பேட்டரியுடன், அடுப்பைக் கொளுத்தும் முன்பே வாங்கி மாட்டிவிடுங்கள்.