காட் மீன் முட்டைகளின் பயணத்தை முன்கணிப்பது எப்படி? கேள்வி பதில்

நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளையொட்டி மார்ச், ஏப்ரல் மாதங்களில் காட் மீன்கள் இடும் முட்டைகளும் அவற்றிலிருந்து வரும் லார்வாக்களும் நீரோட்டத்தோடு வடக்கே பேரன்ட்ஸ் கடல் வரை செல்கின்றன. இப்பயணம் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: முட்டைக்கு நீந்தத் தெரியாது. நீரோட்டத்தின் வேகமும் திசையும் தெரிந்தால் அது சேருமிடத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

பதில்: முட்டை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். மேல்நீரும் அடிநீரும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடுவதில்லை. கரையோரக் குளிர்நீரும் சற்று வெப்பமான அட்லாண்டிக் நீரும் சந்திக்கும் அடுக்கில் இடப்படும் காட் முட்டை, கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மேலெழுகிறது. நூறு மீட்டர் ஏற ஒரு நாளுக்கு மேல் ஆகும். காற்று அடங்கியிருந்தால் முட்டைகள் மேற்பரப்பில் திரளும். பலமாக வீசினால் கொந்தளிப்பில் கலந்து கீழே பரவும். காற்று தள்ளும் மேல்நீர் வடவரைக்கோளத்தில் வலப்புறம் விலகுவதால், தென்மேற்கிலிருந்து வீசும் காற்று முட்டைகளைக் கரைப்பக்கம் ஒதுக்கும். வடகிழக்குக் காற்று அவற்றை வெளிக்கடலுக்குத் தள்ளும். ஆகவே ஆழத்தைத் தவறாகக் கொண்ட கணிப்பு, நீரோட்டத் தரவு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், தவறான இடத்தையே காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஹெர்ரிங் மீனுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அதன் முட்டைகள் கடலடியில் ஒட்டிக்கொள்வதால், கணக்கு முட்டை பொரிந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

கேள்வி: ஏப்ரலில் இட்ட முட்டைகள் செப்டம்பரில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: அவ்வாறு சொல்ல முடியாது. காற்றை நம்பகமாக முன்கணிக்க இயலும் காலம் ஏறத்தாழ பத்து நாள். பயணமோ பல மாதங்கள் நீள்வது. அதனால் அடுத்த சில நாட்களுக்கு முன்கணிப்பையும், முழுப் பருவத்துக்கு முந்தைய ஆண்டுகளின் கடல்நிலையைக் கணினியில் மீண்டும் ஓட்டிப் பார்த்த கணக்குகளையும் பயன்படுத்துகிறோம். முட்டைகளுக்கும் லார்வாக்களுக்கும் பதிலாக ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் கணினிக் கணக்கில் விடுவித்து, எந்தப் பகுதியில் எத்தனை சேருகின்றன என்று பார்ப்பதால், விடை ஒற்றைப் புள்ளியாக வராது. வாய்ப்புகளின் பரவலாகவே வரும். எண்ணெய்க் கசிவு ஏற்பட்டால் எவ்வளவு லார்வாக்கள் அதில் சிக்கக்கூடும் என்ற மதிப்பீட்டுக்கு இப்பரவலே அடிப்படை.

கேள்வி: லார்வாக்கள் நல்ல இடத்தைச் சேர்ந்தால் பிற்காலத்தில் மீன்வளம் பெருகும் என்று கொள்ளலாமா?

பதில்: இடம் மட்டும் போதாது. சில ஆண்டுகளில் மீன்கள் ஏன் பெருகுகின்றன என்பதற்கு நார்வே அறிஞர் யோஹான் யோர்ட் 1914இல் இரண்டு விளக்கங்களை முன்வைத்தார்: லார்வா முதன்முதலில் இரை தேடும் வேளையில் உணவு கிடைப்பது ஒன்று, தகாத இடத்துக்கு அடித்துச் செல்லப்படாதிருப்பது மற்றொன்று. நீரோட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணக்கு இரண்டாவதற்கு மட்டுமே நேரடியாக விடை தருகிறது. லார்வாக்களுக்கு உணவாகும், சின்னஞ்சிறு மிதவை உயிரிகளான கலானஸின் குஞ்சுகள் அந்நாட்களில் அங்கே இருந்தனவா, எத்தனை லார்வாக்கள் பிற உயிர்களுக்கு இரையாயின என்பவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். துகள்களின் எண்ணிக்கையை மீன்களின் எண்ணிக்கையாகப் படிப்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: மாணவர்கள் இதை முயன்று பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. நார்வே வானிலை நிறுவனம் உருவாக்கிய ஓபன்டிரிஃப்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மிதக்கும் மீன் முட்டைகளுக்கென அதில் தனிப்பகுதியும் உள்ளது. முதல் பயிற்சியாக, ஒரே இடத்தில் ஒரே நாளில், மேற்பரப்பிலும் முப்பது மீட்டர் ஆழத்திலும் துகள்களை விடுவித்து, இரண்டு வாரம் கழித்து இரு கூட்டங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து பாருங்கள்.